கதை மதிப்பீட்டுக்குப் பணம் கொடுங்கள், வெளியீட்டு வழிகாட்டலுக்கு வேண்டாம்

படப்புத்தகத்துக்காக ஒரு கதை எழுதி முடித்துவிட்டு, அதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் காட்டினால் நன்றாக இருக்கிறது என்பார்கள். எழுதுகிற நண்பர்களிடம் காட்டினால் ஒற்றுப்பிழை பார்த்துத் தருவார்கள், ஒன்றிரண்டு வாக்கியங்களை அழகாக்குவார்கள். நான்கிலிருந்து ஏழு வயதுக் குழந்தைக்கான புத்தகத்துக்கு இவை போதாது. அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குபவர் ஒருவர், வாய்விட்டு வாசிப்பவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பவர் இன்னொருவர். மூன்று பேரையும் மனதில் வைத்துப் படித்துச் சொல்லும் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆளைத் தேடித்தான் ஓர் இணையவழி மதிப்பீட்டுச் சேவைக்குப் பணம் கட்டினேன்.

அவர்கள் இரண்டு பொருள் விற்கிறார்கள். ஒன்று கதை மதிப்பீடு. குழந்தைகள் பதிப்பகங்களில் வேலை பார்த்த எடிட்டர் ஒருவர் உங்கள் பிரதியைப் படித்து, பக்கம் பிரித்துக் குறிப்பெழுதிய பிரதி, ஒரு நீண்ட கடிதம், கதையை வாசித்த ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் அனுப்புவார். இன்னொன்று வெளியீட்டு வழிகாட்டல். பதிப்பகங்களை அணுகுவது எப்படி, ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கட்டணம். நான் இரண்டையும் வாங்கினேன். முதலாவது கொடுத்த பணத்துக்கு மேலேயே திருப்பித் தந்தது. இரண்டாவதை வாங்காதீர்கள். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

நான் ஒரு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் இருக்கிறேன். வாரக் கடைசியில் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவதும் என் வேலையில் அடக்கம். எந்தப் பக்கத்தில் குழந்தைகள் முன்னால் நகர்ந்து வருவார்கள், எந்தப் பக்கத்தில் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பிப்பார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறேன். அதனால் இந்தச் சேவையிடம் என் எதிர்பார்ப்பு சற்று அதிகமாகவே இருந்தது.

நான் அனுப்பிய கதை இதுதான். கயல் என்ற ஆறு வயதுப் பெண் தன் மஞ்சள் குடையைப் பேருந்தில் மறந்துவிடுகிறாள். அத்தையோடு பேருந்து நிலையத்துக்குப் போகிறாள். தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் அறை அங்கே இருக்கிறது. ஒற்றைச் செருப்பு, பல் செட், புல்லாங்குழல், யாரோ பாதி பின்னி விட்ட ஸ்வெட்டர் என்று அறை முழுக்கப் பொருட்கள். குடை மட்டும் கண்ணில் படவில்லை. கடைசியில் கூரை ஒழுகும் மூலையில் அந்தக் குடை விரிந்து கிடக்கிறது. அதற்கடியில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. மழை நிற்கும்வரை குடை அங்கேயே இருக்கட்டும் என்று கயல் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை.

முதலில் பக்கம் பிரித்த பிரதியைப் பற்றி. அச்சகத்தில் பெரிய தாளை இருபுறமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் ஒரு ஃபாரமாக வரும். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32 பக்கம். உலகெங்கும் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் நிற்பதற்கு இந்த மடிப்புதான் காரணம். தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம், சமர்ப்பணம் எல்லாம் போக, கதைக்குக் கிடைப்பது 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கமும் சேர்ந்தது ஓர் இரட்டைப் பக்கம்). இது எழுதுகிற எல்லோரும் கேள்விப்பட்ட கணக்குத்தான். ஆனால் வேர்ட் கோப்பில் ஒரே நீளமாக ஓடுகிற கதையை இந்தப் பதின்மூன்று பதினான்கு அறைகளுக்குள் ஒருவர் குடியேற்றித் தரும்போதுதான் கதை எங்கே நெருக்கியடிக்கிறது, எங்கே காலியாகக் கிடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

எடிட்டர் செய்த முதல் காரியம், கதவு திறக்கும் இடத்தை நகர்த்தியது. திறந்து வைத்த புத்தகத்தில் இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். ‘கயல் கதவைத் தள்ளினாள்’ என்பது இடப்பக்கத்திலும் அறையின் படம் வலப்பக்கத்திலும் வந்தால், நாம் வாசிப்பதற்கு முன்பே குழந்தை அறைக்குள் போய்விடும். அந்த வரி வலப்பக்கத்தின் கடைசியில் இருக்க வேண்டும். அப்போது பக்கத்தைத் திருப்புகிற கையே கதவைத் தள்ளும். அவர் அந்த வரியை அங்கே கொண்டுபோய் வைத்து, அடுத்த இரட்டைப் பக்கத்தில் நான் அறையை வர்ணித்திருந்த பதினோரு வரிகளுக்கும் குறுக்கே கோடு போட்டிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘இங்கே நீங்கள் பேச வேண்டாம். ஓவியர் பேசட்டும்.’ சொல்லே இல்லாத ஓர் இரட்டைப் பக்கம். வாசித்துக் காட்டுகிற எனக்கு இதன் அருமை உடனே புரிந்தது. சொல் இல்லாத பக்கம் வந்தால் குழந்தைகள் பேச ஆரம்பிப்பார்கள். ‘அது என்ன, அது யாரோட செருப்பு’ என்று விரல் நீட்டுவார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் விடுவதும் எழுத்தாளரின் வேலைதான்.

அடுத்த குறிப்பு எனக்கு இன்னும் பிடித்தது. ஐந்தாவது இரட்டைப் பக்கத்திலிருந்து ஏழாவது வரைக்கும் அவர் ஒரே கேள்வியை மூன்று முறை எழுதியிருந்தார்: ‘இங்கே ஓவியர் எதை வரைவார்?’ அந்த மூன்று இடத்திலும் அத்தை கவுன்ட்டரில் நின்று ஊழியரிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு சுவையாகத்தான் இருந்தது. ஆனால் வரைவதற்கு இரண்டு பெரியவர்களும் ஒரு மேசையும்தான். அதோடு கயலின் குடைக்காகக் கயல் எதுவும் செய்யவில்லை; அத்தைதான் கேட்கிறார், அத்தைதான் விளக்குகிறார். எடிட்டரின் யோசனைப்படி அத்தையை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன். ‘என் குடையைப் பார்த்தீங்களா?’ என்று கயலே கேட்கிறாள். ஊழியர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் கவுன்ட்டருக்கு அடியில் குனிந்து அலமாரிகளுக்கு நடுவே போய்விடுகிறாள். பேச்சு அதேதான். ஆனால் இப்போது மூன்று இரட்டைப் பக்கத்துக்கும் மூன்று வெவ்வேறு இடம்.

ஓவியருக்காக எழுதும் படக்குறிப்புகள் விஷயத்திலும் அவர் தெளிவாக இருந்தார். கயலின் சட்டை நிறம், அத்தையின் கண்ணாடி, சுவரில் கடிகாரம் என்று எழுத்தாளர்கள் அடைப்புக்குறிக்குள் எழுதித் தள்ளுவதெல்லாம் ஓவியரின் கையைக் கட்டுவது. எழுத்தில் இல்லாத ஒன்று படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் குறிப்பு எழுதலாம். என் கதையில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. அறைக்குள் கயல் போகும் ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஓரத்தில் பூனையின் வால் தெரிய வேண்டும். எழுத்தில் பூனையைப் பற்றி மூச்சே விடக் கூடாது. இதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கச் சொன்னார். கயலுக்குத் தெரியாத ஒன்று கேட்கிற குழந்தைக்குத் தெரிந்திருப்பதில் உள்ள சந்தோஷத்தை அவர் காப்பாற்றிக் கொடுத்தார்.

ஒலிப்பதிவுக்கு வருகிறேன். இந்தச் சேவையின் உயிரே இதுதான். எடிட்டர் பிரதியைப் படிப்பதற்கு முன்பே, ஒத்திகை எதுவும் இல்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்கிறார். தடுமாறினால் தடுமாறியபடியே விடுகிறார். படுக்கை நேரத்தில் அலுப்போடு ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கிற அப்பாவோ அம்மாவோ அதை அப்படித்தான் முதல் முறை வாசிப்பார்கள். நம் கதையை நாமே வாசித்தால் இது தெரியாது. எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும்.

பதிவில் நான் கேட்டவை: ‘மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்து நிலையத்துக்குள் நுழைந்த கயல்’ என்று ஆரம்பித்த வாக்கியத்தில் அவருக்கு நடுவிலேயே மூச்சு தீர்ந்தது. அதே செய்தி, ‘கயல் ஓடினாள். நனைந்தாள். நிலையத்துக்குள் நுழைந்தாள்’ என்று மாறியதும் வாய்க்கும் எளிதாக இருந்தது, மழையின் அவசரமும் வந்தது. பல் செட் வரும் இடத்தில் அவர் தன்னை மறந்து சிரித்தார். அந்த இடத்தை இனி யார் சொன்னாலும் தொட மாட்டேன்.

ஆனால் பதிவில் கிடைத்ததிலேயே பெரிய விஷயம் உரையாடல் பற்றியது. எழுத்துத் தமிழில் நமக்குப் பழக்கம், பேச்சை முதலில் எழுதிவிட்டுக் கடைசியில் ‘என்றாள் கயல்’, ‘என்றார் ஊழியர்’ என்று முடிப்பது. கண்ணால் படிப்பவருக்கு இதில் சிரமமே இல்லை. வாய்விட்டு வாசிப்பவருக்கோ, யாருடைய குரலில் பேச வேண்டும் என்பது பேச்சு முடிந்த பிறகுதான் தெரிய வருகிறது. பதிவில் எடிட்டர் ஊழியரின் வரியைக் கயலின் மெல்லிய குரலில் ஆரம்பித்து, ‘என்றார் ஊழியர்’ என்பதைப் பார்த்ததும் நிறுத்தி, திரும்பக் கரகரத்த குரலில் வாசித்தார். இதற்கு அவர் குறிப்பு எதுவும் எழுதவில்லை. கேட்டாலே புரிந்துவிடும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. இப்போது என் பிரதியில் ‘ஊழியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்’ என்று முதலில் ஆளைக் காட்டிவிட்டு அப்புறம்தான் பேச்சு வருகிறது. வாசிப்பவருக்குக் குரலை மாற்ற ஒரு கணம் கிடைக்கிறது. இத்தனை காலம் வாசித்துக் காட்டுகிறேன், சில புத்தகங்கள் மட்டும் ஏன் நாக்கில் வழுக்கிக்கொண்டு போகின்றன என்பதற்கு இது ஒரு காரணம் என்று இப்போதுதான் பெயர் சொல்ல முடிகிறது.

சொல் எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று. ஆங்கிலப் படப்புத்தகங்களுக்கு 500 சொல்லைச் சுற்றி என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பலர் அப்படியே தமிழுக்கும் சொல்கிறார்கள். தமிழில் வேற்றுமை, காலம், இடம், எண் எல்லாம் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே செய்தி குறைவான, ஆனால் நீளமான சொற்களில் வரும். 500 தமிழ்ச் சொல் என்பது கேட்கிற குழந்தைக்கு நீண்ட கதை. இந்த எடிட்டர் சொல்லை எண்ணவில்லை. ஒரு இரட்டைப் பக்கத்தை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்துக்கு அந்தப் படம் தாங்குமா என்று பார்த்தார். தானாக எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதுக்கு என்றால் சொல்லின் நீளத்தையும் பார்க்கச் சொன்னார். ‘தேடிக்கொண்டிருந்தபோது’ என்பதில் குழந்தை பாதியிலேயே தொலைந்துவிடும். ‘தேடினாள், தேடினாள்’ என்றால் அதற்கு ஒரு தாளமும் கிடைக்கிறது. தமிழ்ப் பிரதிக்குத் தமிழின் நடையைப் பார்த்து ஆலோசனை சொல்பவர்கள் குறைவு. இதற்காகவே இவர்களைப் பாராட்ட வேண்டும்.

கடிதம் நான்கு பக்கம். அதில் பாதி என் கதையின் கடைசி இரண்டு வரிகளைப் பற்றி. கயல் குடையை விட்டுவிட்டுத் திரும்பும்போது அத்தை அவள் தலையைத் தடவி, பிற உயிர்களுக்கு உதவுவதுதான் பெரிய குணம் என்று சொல்வதாகக் கதை முடிந்திருந்தது. எடிட்டர் கேட்டது ஒரே கேள்வி: ‘இந்த வரி யாருக்காக?’ குழந்தைக்கு இது தேவையில்லை. கயல் நனைந்துகொண்டே போகிற படமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வாங்குகிற பெரியவருக்கு இது ஓர் உத்தரவாதம், இந்தப் புத்தகம் பிள்ளைக்கு நல்லது சொல்லித் தருகிறது என்று. அந்த உத்தரவாதத்தைப் பின்னட்டையில் இரண்டு வரியாகக் கொடுத்துக்கொள்ளுங்கள், கதைக்குள் வேண்டாம் என்று எழுதியிருந்தார். எனக்கு இதில் முழுச் சம்மதம். நீதியைக் கடைசியில் எடுத்துச் சொல்லும் கதைகளை நான் வாசித்துக் காட்டும்போது, அந்த வரி வருவதற்கு முன்பே குழந்தைகள் அடுத்த புத்தகத்துக்குக் கை நீட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ‘ரசீது’ கடினமான சொல், ‘சீட்டு’ என்று மாற்றலாம் என்றார். மாற்றவில்லை. படத்தில் பொருள் தெரியும்போது புதுச் சொல் குழந்தைக்குச் சுமையாகாது. வாய் நிறைய ஒரு பெரிய சொல்லைச் சொல்லிப் பார்ப்பதில் அவர்களுக்கு இருக்கும் மகிழ்ச்சியை எளிமையின் பெயரால் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அப்புறம், பூனைக்குட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் ஒரு பக்கம் சேர்க்கலாம், எண்ணிக்கை வரும் புத்தகங்களைப் பள்ளிகள் விரும்பி வாங்கும் என்றும் ஒரு யோசனை இருந்தது. வியாபாரத்துக்கு அது நல்ல யோசனையாகவே இருக்கலாம். ஆனால் குடையை எடுப்பதா விடுவதா என்று கயல் தவிக்கும் நேரத்தில் கேட்கிற குழந்தையை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வைத்தால் தவிப்பு போய்விடும். பதிலில் இதை எழுதினேன். ‘சரி, உங்கள் காரணம் என் காரணத்தைவிட வலுவானது’ என்று பதில் வந்தது. மதிப்பீடு செய்பவர் இப்படி விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பது பெரிய விஷயம்.

இனி வெளியீட்டு வழிகாட்டல். இதை நடத்துபவர் வேறு ஆள். கதை மதிப்பீட்டில் இருந்த கவனம் இங்கே துளியும் இல்லை.

முதல் குறை, பதிப்பகங்களை அணுகுவதற்கு முன்பே ஓவியரைப் பணம் கொடுத்து அமர்த்தி எல்லாப் படங்களையும் வரைந்து வாங்கிவிடுங்கள் என்று அறிவுரை. சொந்தமாக வெளியிடுபவருக்கு இது சரி. பதிப்பகத்துக்கு அனுப்புபவருக்கு இது வீண் செலவு. படப்புத்தகம் போடும் பதிப்பகங்கள் பொதுவாக எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஓவியரைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றன. எழுதுபவரே வரைபவராகவும் இருந்தால்தான் படங்களோடு அனுப்ப வேண்டும். கையில் இருக்கும் பணத்தை முழுக்க ஓவியத்தில் போட்டுவிட்டு, கதை பிடித்திருக்கிறது, படம் வேண்டாம் என்ற பதிலோடு நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இரண்டாவது இன்னும் கவலை தருவது. அவர்கள் கொடுத்த பட்டியலில், எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கும் பதிப்பகங்களும் எழுத்தாளரிடமே பணம் வாங்கிப் புத்தகம் போடும் நிறுவனங்களும் கலந்து கிடந்தன. எது எது என்று குறிப்பும் இல்லை. பதிப்பகம் என்றால் அது தன் பணத்தைப் போட்டு, விற்று, அதில் உங்களுக்குப் பங்கு தர வேண்டும். உங்களிடம் பணம் கேட்டால் நீங்கள் அதன் வாடிக்கையாளர். அந்த நிறுவனத்துக்கு லாபம் உங்களிடமிருந்தே வந்துவிடுவதால், புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அதற்குக் கவலை இல்லை.

பணம் போட்டே வெளியிட நினைத்தால் நேராகச் சொந்தமாக வெளியிடலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. முயல் கதைகளால் உலகப் புகழ் பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர் தன் முதல் புத்தகத்தைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியபோது, 1901இல் தன் செலவில் 250 பிரதிகள் அச்சடித்தார். குழந்தைகளின் சின்னக் கைக்கு ஏற்ற சின்னப் புத்தகம் என்ற தன் எண்ணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1902இல் ஒரு பதிப்பகம் அதை வண்ணப் படங்களோடு வெளியிட்டது. உரிமையும் கட்டுப்பாடும் அவர் கையில் இருந்தன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

மூன்றாவது, ஒப்பந்தம் பற்றிய வகுப்பு. ராயல்டி, அதாவது விற்கும் பிரதிகளுக்காக நமக்கு வரும் பங்கு, 10 விழுக்காடு என்றால் நல்ல ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எதில் 10 விழுக்காடு என்பதல்லவா கேள்வி? புத்தகத்தின் விலை 100 என்று வையுங்கள். அட்டை விலையில் 10 விழுக்காடு என்றால் 10 வரும். படப்புத்தகத்தில் பெரும்பாலும் எழுத்தாளரும் ஓவியரும் அதைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள், உங்களுக்கு 5. அதே 10 விழுக்காட்டை, கழிவு போகப் பதிப்பகத்தின் கைக்கு வரும் தொகையில் கணக்கிட்டால்? கடைகளுக்கும் விநியோகஸ்தருக்கும் 50 விழுக்காடு கழிவு போனால் பதிப்பகத்துக்கு வருவது 50. அதில் 10 விழுக்காடு 5. பாதியாகப் பிரித்தால் உங்களுக்கு இரண்டரை. எண் ஒன்றுதான், வருமானம் பாதி. ஒப்பந்தம் பற்றிய வகுப்பில் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

முன்பணம் பற்றியும் குழப்பினார். முன்பணம் என்பது பரிசோ சம்பளமோ இல்லை. வரப்போகும் ராயல்டியிலிருந்து முன்கூட்டியே கொடுப்பது. அந்தத் தொகை அளவுக்கு உங்கள் பங்கு சேரும்வரை மேற்கொண்டு எதுவும் வராது. விற்பனை குறைவாக இருந்ததற்காகத் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு பதிப்புரிமையையே எழுதிக் கொடுப்பது முற்றிலும் வேறு. அப்படிக் கொடுத்துவிட்டால் புத்தகம் எத்தனை மொழிக்குப் போனாலும் உங்களுக்கு ஒன்றும் வராது.

உரிமை திரும்பக் கிடைக்கும் விதியைப் பற்றி அவர் பேசவே இல்லை. முன்பெல்லாம் புத்தகம் அச்சில் இல்லை என்றாகிவிட்டால் உரிமையைத் திருப்பிக் கேட்கலாம். இப்போது மின்னூலும் கேட்டவுடன் ஒரு பிரதி அச்சடித்துத் தரும் முறையும் வந்த பிறகு, ஒரு புத்தகம் அச்சில் இல்லாமல் போவதே கிடையாது. ஆகவே, ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று எண் போட்டு எழுதிக் கேட்க வேண்டும். குழந்தைகள் புத்தகத்துக்கு இது மிக முக்கியம். ஐந்து வயது வாசகர்கள் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாக வந்துவிடுகிறார்கள். மற்ற புத்தகங்கள் பழசாகிற காலத்தில் இது புதுப் புத்தகமாகவே மறுபடி விற்கும். உரிமை உங்கள் கையில் இருந்தால்.

ஒன்றே ஒன்று சரியாகச் சொன்னார். கதைத் திருட்டுக்குப் பயந்து பிரதியை யாரிடமும் காட்டாமல் இருக்காதீர்கள் என்றார். எழுதி முடித்த கணமே எழுத்து உங்களுக்குச் சொந்தம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் அதற்குப் பதிவு எதுவும் கட்டாயமில்லை. சட்டம் காப்பது நீங்கள் எழுதிய வடிவத்தை. குடையைத் தொலைத்த சிறுமி என்ற எண்ணத்தை வைத்து யார் வேண்டுமானாலும் இன்னொரு கதை எழுதலாம், எழுதட்டும். இந்தச் சேவையின் விதிமுறையிலும் பிரதியின் மீது தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். பணம் கட்டும் முன் அதைப் படித்துப் பார்த்துக்கொண்டேன், நீங்களும் படியுங்கள்.

இவ்வளவையும் அவர்களுக்கும் எழுதி அனுப்பினேன். பட்டியலைப் பிரித்துத் தருவதாகப் பதில் வந்தது. இதை எழுதும்வரை பட்டியல் வரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். மதிப்பீடு சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. கேள்வி கேட்க ஒரு முறைதான் வாய்ப்பு, அதனால் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுதிவிடாமல், திருத்திய பிறகு எழுதுங்கள். திருத்திய பிரதியை மறுபடி படிக்க வேண்டுமென்றால் தனிக் கட்டணம். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அத்தியாயக் கதைகளையும் எடுத்துக்கொள்வதாக விளம்பரத்தில் இருக்கிறது. ஆனால் பக்கம் பிரிப்பதிலும் வாய்விட்டு வாசிப்பதிலும்தான் இவர்களுடைய பலம் முழுவதும் இருப்பதால், அத்தகைய நீண்ட பிரதியை நான் இங்கே கொடுக்க மாட்டேன்.

அனுப்புவதற்கு முன் எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்து நீங்களே ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்து பாருங்கள். 32 பக்கம் வரும். கதையைத் துண்டு துண்டாக வெட்டி அதில் ஒட்டினால் வெளிப்படையான இடறல்கள் அப்போதே தெரிந்துவிடும், எடிட்டரின் நேரம் நுணுக்கமான விஷயங்களுக்குக் கிடைக்கும். முழு மதிப்பீட்டுக்குப் பணம் இல்லையென்றால் ஒலிப்பதிவை மட்டும் கேட்டு வாங்குங்கள். விலைப்பட்டியலில் அது தனியாக இல்லை, மின்னஞ்சலில் கேட்டால் தருகிறார்கள். ஒத்திகை இல்லாத முதல் வாசிப்புத்தான் வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.